சீதி நவ்வாரின் ஜாமீன்

எங்கள் அலுவலகத்தின் தலைவர் இறந்து எழுநூறு வருடம் ஆகிறது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகம் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் ஊர் மின்யத் நவ்வாருக்கு வருகிறவர்கள் பார்ப்பது ஒரு பச்சைக் குவிமாடம், அதை ஒட்டிய பள்ளிவாசல், புறாக்கள், செருப்பு வைக்கும் மரத்தட்டு. காகிதத்தில் அது அரசு அலுவலகம், இரண்டாம் வகுப்பு. ஒரு காலத்தில் தர்காவுக்கு நிலம் இருந்தது, பேரீச்சந்தோப்பு இருந்தது. அரசாங்கம் ஒருநாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு மேசையும் கழுகு முத்திரையும் மாதச் சம்பளமும் கொடுத்தது. இமாம் ஷேக் ஜுனைதி நான்காம் நிலை ஊழியர். நான், தஸூக்கி, ஆறாம் நிலை. கூட்டுவது, பன்னீர் தெளிப்பது, வருகிற காகிதத்துக்கு மறுகாகிதம் எழுதுவது என் வேலை.

வருடத்துக்கு ஒருமுறை மாவட்ட வக்ஃபு அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். அதன் முதல் வரி, இடத்தின் பொறுப்பாளர் பெயர். ஷேக் அதை என் பக்கம் தள்ளுவார், நான் அவர் பக்கம் தள்ளுவேன். நாலு முழம் தள்ளிக் கல்லறையில் இறைநேசர் நவ்வார் அவ்லியா படுத்திருக்கிறார், அவர் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பொறுப்பாளர் நான் என்று எவன் எழுதுவான்? கை கூசாதா? எங்கள் ஊரில் பிறந்த ஒருவனாலும் முடியாது. அதனால் படிவம் வந்த முதல் வருடமே நான் 'நவ்வார்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பதவி நிலை என்ற இடத்தில் ஒரு கோடு. பதினோரு வருடம் அப்படியே போனது. அங்கே இருப்பவர்கள் படிக்கிற ஜாதியா என்ன.

மரியாதையால்தான் அப்படிச் செய்தேன் என்று அப்போது நினைத்திருந்தேன்.

சீதி நவ்வார், சீதி என்றால் எங்கள் பாஷையில் எஜமான், நோய் தீர்க்கிற அவ்லியா இல்லை, பிள்ளை வரம் தருகிறவரும் இல்லை. அவர் சிறைப்பட்டவர்களைக் கொண்டுவருகிறவர். ஃபிரங்கி வெள்ளைக்காரர்கள் கடலோரத்தில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தாய் வந்து அழுதாளாம். இவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கடலில் போய்க்கொண்டிருந்த கப்பலின் அடித்தட்டிலிருந்து அவள் மகனை எடுத்து மொட்டைமாடியில் வைத்தாராம், காலில் சங்கிலியோடு. அந்தச் சங்கிலி இன்னும் குவிமாடத்துக்குள் தொங்குகிறது. அவருடைய மவ்லித் திருவிழா வருவதற்கு முன் நான்தான் எண்ணெய் போடுவேன். மவ்லித் நடத்தக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குவதும் நான்தான். அந்த மனுவிலும் பொறுப்பாளர் நவ்வார்.

ஜனங்கள் அவருக்குக் கடிதம் எழுதி வெண்கலக் கம்பித் தடுப்பு வழியாக உள்ளே போடுவார்கள். வேறு யாரும் படிக்கக்கூடாது. நான் படிப்பேன். லுஹர் தொழுகை முடிந்ததும் ஊர் அடங்கிவிடும், பச்சைக் கண்ணாடி வழியாக வரும் வெயில் தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும், புறாக்கள் தொண்டைக்குள் ஏதோ பேசும். நான் சீதியின் கால்மாட்டில் சாய்ந்து இரண்டு மூன்று கடிதம் படித்தபடி தூங்கிப்போவேன். விழிக்கும்போது கடிதத்தில் படித்தது எது, கனவில் கண்டது எது என்று பிரிக்க முடியாது. ஒரு பெண்ணின் தொலைந்த வாத்துகள் கூட்டமாகக் குவிமாடத்துக்குள் நீந்தி வரும். சில நாள் சீதியும் வருவார், எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு. இருபத்திரண்டு வருடம் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

வஹ்தான் விஷயத்துக்கு வருகிறேன். அரை ஏக்கர் நெல், ஒரு எருமை, ஒரு தாய், இருபத்து நாலு வயது. அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், சொல்வதைக் கவனித்துக் கேட்பது. வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கம் தலைநகரிலிருந்து காகிதத்தில் வருகிறது. நாடு முழுக்க ஒரே குத்பா, ஒரே பதினைந்து நிமிடம். ஷேக் படிப்பார், ஊர் தூங்கும், யாருக்கும் சேதமில்லை. அந்த வாரத்துத் தலைப்பு, கால்வாய் நீரைத் தூய்மையாக வைத்திருப்பதும் மார்க்கக் கடமையே. தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தபோது வஹ்தான் கையைத் தூக்கினான்.

"ஷேக், ஒரு சந்தேகம். நம்ம கால்வாய்ல தண்ணி வந்து நாப்பது நாளாச்சு. எந்தத் தண்ணியச் சுத்தமா வச்சுக்கணும்னு அந்தப் பேப்பர்ல போட்டிருக்கா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு பள்ளிவாசலே சிரித்தது. ஷேக் ஜுனைதி காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பாவம், நிஜமாகவே தேடினார். அஸர் தொழுகை நேரத்துக்குள் போலீஸ் வண்டி வந்து வஹ்தானை வயலிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. சாயங்காலம் ஷேக் என்னிடம், "நான் எதுவும் எழுதலப்பா, மேல அனுப்புற வாரக் குறிப்புல ஒரு கேள்வி கேக்கப்பட்டதுன்னு மட்டுந்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை.

அவன் தாயை நாங்கள் உம்மு வஹ்தான் என்றுதான் கூப்பிடுவோம். மூன்று மாதத்தில் அவள் பதினோரு அலுவலகம் ஏறி இறங்கினாள். மகன் எங்கே இருக்கிறான் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. ஒவ்வொரு இடத்திலும் கேட்டது மட்டும் ஒன்றே: அடையாள அட்டை நகல், இரண்டு போட்டோ, ரெவின்யூ ஸ்டாம்ப். பன்னிரண்டாவதாக அவள் எங்கள் சீதியிடம் வந்தாள். சின்ன உருவம், கறுப்பு முக்காடு, கையில் பிளாஸ்டிக் உறை. கம்பித் தடுப்பை முத்தமிட்டு உறையை உள்ளே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ரசீது தருவீங்களா அண்ணே?"

"சீதி ரசீது குடுக்க மாட்டார் தங்கச்சி."

"அப்ப எப்படி நம்புறது, வந்து சேந்துச்சுன்னு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மதியம் அதைத்தான் படித்தேன். கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவனைக் கொண்டு தட்டச்சில் அடித்திருந்தாள். பெறுநர், மாண்புமிகு சீதி நவ்வார் அவர்கள், பச்சைக் குவிமாடம், மின்யத் நவ்வார். பொருள், மகன் வஹ்தானைக் கொண்டுவந்து தருமாறு வேண்டுதல். கீழே அவளுடைய பதினான்கு இலக்க அடையாள எண். இணைப்பாக அட்டை நகல் ஒன்று, போட்டோ இரண்டு. மேல் மூலையில் கோணாமல் ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்ப். முதலில் சிரித்தேன், சத்தமாகவே. எழுநூறு வருடமாக வாய்விட்டு அழுது கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள், இப்போது அவ்லியாவிடமும் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கிறார்கள். பிறகு அந்தப் போட்டோவில் இருந்த அவள் முகத்தைப் பார்த்தேன். புகைப்படக்காரன் அசையாதே என்று சொன்னதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு போய்விட்டது.

வழக்கப்படி இந்தக் கடிதங்களை வருடக் கடைசியில் கால்வாய்க் கரையில் மரியாதையாகப் புதைத்துவிடுவோம். அந்த வருடம் பார்த்துச் சுற்றறிக்கை வந்தது. தர்காக்களில் போடப்படும் காகிதங்கள் அனைத்தும் சாக்கில் கட்டி, பொறுப்பாளரின் முகப்புக் கடிதத்தோடு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். ஜனங்கள் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று மேலே யாருக்கோ தெரிந்துகொள்ள ஆசை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் அல்லாஹ்வின் நேசரிடம் காதோடு சொல்வதையும் ஒட்டுக்கேட்க வேண்டுமா? கோபப்பட்டேன், மனதுக்குள். கைகள் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் இருந்தன. ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் இருந்த கடிதங்களையெல்லாம் பிரித்தெடுத்து அன்றே புதைத்தேன். சிகரெட் அட்டையில் எழுதியவை, பெயரில்லாதவை, வாத்துக்கான கடிதங்கள், இவற்றை மட்டும் சாக்கில் போட்டேன்.

உம்மு வஹ்தானின் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் பெயர் பதினோரு அலுவலகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. கடைசியில் அதைச் சாக்கின் மேலே தனியாக வைத்து, முகப்புக் கடிதத்தோடு ஊசி குத்தினேன். 'தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது. பொறுப்பாளர், நவ்வார்.' கழுகு முத்திரையை நன்றாக மையில் தோய்த்து அழுத்தினேன்.

அந்த வாரம் ஒரு கனவு. மாவட்ட அலுவலகத்தின் நீளமான நடைபாதை, முழங்கால் வரை வாய்க்கால் தண்ணீர், அதில் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் பச்சைத் தலைப்பாகை. சீதியேதான், முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் எண் அச்சடித்த சின்னத் துண்டுச்சீட்டோடு. நீங்கள் ஏன் வரிசையில், ஜன்னல் வழியாகக் கையை நீட்டலாமே என்றேன். அவர் திரும்பாமலேயே, 'இப்போதெல்லாம் ஜன்னலில் கம்பி' என்றார். விழித்த பிறகும் கால் ஈரமாக இருப்பதுபோலவே இருந்தது.

ஐந்து வாரம் கழித்துத் தொலைபேசி. மாவட்ட அலுவலகத்துக் கோப்பறையைப் பார்த்துக்கொள்கிற மதாம் இத்திதால். தொண்டை கட்டிய குரல், வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை.

"தஸூக்கி, உங்க டைரக்டர் நவ்வார் எந்த கிரேடு? தலைநகர்லேர்ந்து கேக்கிறாங்க."

"என்ன கேக்கிறாங்க?"

"அந்தப் பையன் விஷயமா சிபாரிசு அனுப்பினாருல்ல. சாக்குல இருந்ததெல்லாம் குப்பை. அது ஒண்ணுதான் ஒழுங்கான பேப்பர். ஸ்டாம்ப் இருக்கு, எண் இருக்கு, முத்திரை இருக்கு. அதை எப்படிக் கிடப்புல போடறது? நம்பர் போட்டு மேல அனுப்பினேன். மேல இருக்கிறவங்க நவ்வார் யாருன்னு ரெஜிஸ்டரப் பாத்திருக்காங்க. பதினோரு வருஷமா ஒரே எடத்துல, மாறுதல் இல்ல, லீவு இல்ல, சம்பளமே வாங்கல. கிரேடு எடத்துல கோடு. பயந்துட்டாங்க. சம்பளம் வாங்காதவன் சாதாரண ஆளா இருக்க மாட்டானாம்."

எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. "மதாம், அவருக்கு கிரேடெல்லாம் கிடையாது. அவர் அதுக்கெல்லாம் மேல."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அப்புறம் அந்தக் காகிதம் தலைநகரில் எந்தெந்த மேசையில் படுத்து எழுந்ததோ அல்லாஹ்தான் அறிவான். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வரி கூடியது என்பது மட்டும் பின்னால் எனக்குத் தெரிந்தது. ஒருவர் 'மேற்படியாரின் கருத்தை ஏற்கலாம்' என்று எழுத, அடுத்தவர் 'ஏற்கப்பட்டது' என்று எழுத, அதற்கடுத்தவர் 'ஏன் தாமதம்' என்று எழுதியிருக்கிறார். ரஜப் மாதக் கடைசியில் உளவுப் பிரிவிலிருந்து தர்காவுக்கு ஆள் வந்தான். வஹ்தான் விடுதலை. சிபாரிசு செய்த பொறுப்பாளர் நவ்வார் நேரில் வந்து ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், நாளை காலை பத்து மணி.

ஷேக் ஜுனைதி அன்று ராஜினாமாவே எழுதிவிட்டார். "நமக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவோம், தஸூக்கி. யாரோ விஷமம் பண்ணிட்டாங்கன்னு சொல்லிடலாம்."

"சொன்னா வஹ்தான் உள்ளயே இருப்பான், ஷேக்."

"நாம வெளிய இருப்போம்ல" என்றார். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. ராஜினாமாவைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் பனி. எங்கள் பக்கம் அந்தப் பருவத்தில் கால்வாயும் வயலும் வானமும் ஒரே பால் நிறத்தில் கலந்துவிடும், பேருந்து எதன் மேல் போகிறது என்றே தெரியாது. பக்கத்து இருக்கையில் உம்மு வஹ்தான், மடியில் மகனுக்கு மாற்றுச் சட்டை. அவள் என்னோடு பேசவில்லை. வழி முழுக்க உதட்டுக்குள் சீதியோடு பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பனியில் எந்தப் பக்கம் ஓடுவது?

உளவுப் பிரிவு அலுவலகத்தின் அதிகாரி மேஜர் ஹாஸிம் பாஷா மேல்மாடியில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், நன்றாகச் சவரம் செய்த முகம், தூக்கம் இல்லாத கண். மேசையில் வஹ்தானின் கோப்பு. உம்மு வஹ்தானை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்கள்.

"நவ்வார் ஐயாவா? வாங்க, உக்காருங்க."

"நான் நவ்வார் இல்ல பாஷா. அவருக்கு வேலை செய்றவன்."

"அவர் வரலையா?"

"அவர் அந்த எடத்த விட்டு வர்றதில்ல."

"எத்தனை வருஷமா?"

எனக்குப் பொய் வராது. அது என் நல்ல குணம் இல்லை, கையாலாகாத்தனம். "எழுநூறு" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மெதுவாகக் கேட்டார். "குவிமாடத்துக்குள்ள இருக்காரே, அவரா?"

"அவர்தான்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். ரொம்ப நாளாகச் சிரிக்காதவர் சிரிப்பதுபோல் மூச்சுத் திணறியது. பிறகு கோப்பின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "இதுல ஏழு கையெழுத்து இருக்கு. கடைசிக் கையெழுத்து ஒரு ஜெனரலோடது. நான் போன் பண்ணி, ஐயா நீங்க ஒரு மையித்துக்கு, செத்த மனுசனுக்கு, பதில் எழுதியிருக்கீங்கன்னு சொல்லவா?"

அவர் கோப்பை மூடினார்.

"சொன்னா உன் கதையும் முடிஞ்சுது, என் கதையும் முடிஞ்சுது. சொல்லலேன்னா பையன் வெளிய வரணும். வெளிய வரணும்னா இங்க ஒரு ஜாமீன் வேணும்." ஒரு படிவத்தை என் பக்கம் திருப்பினார். "பேரு நவ்வார்னே போட்டுக்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா பக்கத்துல பதினாலு இலக்க அடையாள எண் வேணும். எண் இல்லாம மெஷின் எடுத்துக்காது. அவருக்கு எண் இருக்கா?"

"இல்ல பாஷா."

"உனக்கு இருக்குல்ல."

ஜாமீனில் என்ன எழுதியிருந்தது என்று அவரே படித்துக் காட்டினார். வஹ்தான் ஒரு வருடம் வாராவாரம் வியாழக்கிழமை ஜாமீன்தாரரோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் அவன் இருந்த இடத்துக்கு ஜாமீன்தாரர் போவார். எனக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. சட்டைப் பையில் இருந்த அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது, புரிந்தபோது உடம்பு கூசியது. பதினோரு வருடம் சீதியின் பெயரை எழுதினேனே, அது மரியாதை மட்டும் இல்லை. பொறுப்பு வேறு ஒருவர் பெயரில் இருந்தால் நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் அவர் வீட்டில் ஊழியம் செய்யவில்லை, ஒளிந்துகொண்டிருந்தேன்.

"தஸூக்கி அப்துல் ஜவாத்" என்று எழுதினேன். பதினான்கு இலக்கத்தில் நடுவில் ஒன்று மறந்துபோய், அட்டையை எடுத்துப் பார்த்து எழுதினேன்.

வஹ்தானைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உம்மு வஹ்தான் அவன் மேல் விழவில்லை, கத்தவில்லை. சட்டையை உதறி அவனுக்குப் போட்டுவிட்டு ஒவ்வொரு பட்டனாக மாட்டினாள். பேருந்தில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பனி விலகியிருந்தது. ஊர் வந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தர்காவுக்கு வந்து, கம்பியில் நெற்றியை வைத்துச் சீதிக்கு நன்றி சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்துப் போட்டவன் பக்கத்தில் நிற்கிறானே என்று கொஞ்சம் வலித்தது. பொறாமைதான். எழுநூறு வருடத்துக்கு முன் செத்தவர் மேல் பொறாமைப்படுகிறவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் வியாழக்கிழமைகள். நானும் வஹ்தானும் காலைப் பேருந்தில் போவோம், ரெஜிஸ்டரில் அடுத்தடுத்த வரியில் கையெழுத்துப் போடுவோம், திரும்பும்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ரொட்டியும் அவரை மசித்த ஃபூலும் சாப்பிடுவோம். அவன் பாதிதான் சாப்பிடுவான். ஏதாவது கேட்டால் தலையாட்டுவான். கால்வாயில் தண்ணீர் வந்தது, அவன் அந்தப் பக்கம் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தான். அவனுக்குக் காது கேட்கவில்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். ஒரு வியாழக்கிழமை தெருவில் ஒரு வண்டி பின்னால் வந்து நின்றது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். வண்டியிலிருந்து இறங்கியது ஒரு ஐஸ்கிரீம்காரன். வஹ்தான் கையை விடவே இல்லை, பேருந்து வரும்வரை. அன்றைக்குத்தான் அவனை நான் என் பிள்ளையாக நினைத்தேன். எனக்குப் பிள்ளைகள் கிடையாது.

"அங்க என்னத்தப் பண்ணாங்கன்னு நீங்க கேக்கவே இல்லியே மாமா" என்றான் பேருந்தில்.

"சொல்லணும்னா சொல்லு."

"வேணாம்" என்றான். கொஞ்சம் கழித்து, "அங்க ஒருத்தன் தினம் வந்து, எந்தத் தண்ணின்னு இப்பச் சொல்லட்டுமான்னு கேப்பான்" என்றான்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம், லுஹருக்குப் பின் உம்மு வஹ்தான் வந்தாள். கடிதத்தை உள்ளே போடும் முன் என் முகத்தை நேராகப் பார்த்தாள். போட்டுவிட்டு வெளியே செருப்புத் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் படிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியுமோ. இந்தத் தடவை அவளே பென்சிலால் எழுதியிருந்தாள், எழுத்துகள் தனித்தனியாக நின்றன.

'சீதி, நீ கொண்டுவந்து கொடுத்தாய். ஆனால் என் பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறான். வண்டிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போகிறான். கடற்கரையில் என் தம்பிக்குத் தெரிந்த படகு இருக்கிறது. அவனை அக்கரைக்கு விடு. அவனுக்காகக் கையெழுத்துப் போட்டவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. நீ கேள்.'

நான் கோபப்பட்டேன். யாருக்கும் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கோபப்பட்டேன். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் இவள்? ஒரு வருடத்தில் ஐந்து மாதம்கூட முடியவில்லை. என் பென்ஷன், என் முழங்கால் வலி, நான் அடி தாங்குகிற உடம்பா? சீதியைத் திட்டினேன். அவர் ஊரில் அவருக்கு வந்த மனுவுக்கு நான் ஏன் பலியாக வேண்டும்? கால்மாட்டில் சாய்ந்து கண்ணை மூடினேன். கனவில் வந்து ஏதாவது சொல்லட்டும், முதுகைக் காட்டிக்கொண்டாவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். தூக்கமும் வரவில்லை, அவரும் வரவில்லை. தரையில் பச்சை வெயில் என் கால்விரல் வரை வந்து, முழங்காலுக்கு ஏறி, மார்பைத் தாண்டிப் போனது. வெளியே உம்மு வஹ்தான் ஒருமுறைகூட இருமவில்லை, எழுந்து போகவும் இல்லை. இதற்குப் பதில் சொல்ல என்னைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று.

எழுந்து வெளியே வந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சீதி படிச்சிட்டார், தங்கச்சி."

"என்ன சொன்னார்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயில் ஒரு சொல்லை வைத்தேன். பாவம் என்றால் அதுவும் என் கணக்கில் போகட்டும்.

"வியாழக்கிழமைக்கு முன்னால போகச் சொன்னார்."

அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன், பிடித்திருந்தால் மனம் மாறியிருக்கும். அவள் செருப்பைத் தேடினாள், காலில் போட்டுக்கொண்டிருந்ததையே தேடினாள். பிறகு போனாள்.

செவ்வாய்க்கிழமை வஹ்தான் வந்தான். எதற்கு என்று சொல்லவில்லை. பள்ளிவாசலைக் கூட்டிக் கொடுத்தான், தண்ணீர்ப் பானைகளை நிரப்பினான். போகும்போது, "மாமா, எனக்கு நீச்சல் தெரியும்" என்றான். "தெரியும்டா, கால்வாய்ல நான் பாத்திருக்கேன்ல" என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

வியாழக்கிழமை காலை நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன். தர்காவின் சாவியை ஷேக் ஜுனைதியிடம் கொடுத்தேன். அவர் ஏன் என்று கேட்காமல் என்னைக் கட்டிக்கொண்டார். வழியில் வயல்களில் நாற்று நிமிர்ந்திருந்தது, கால்வாயில் கரைமுட்டத் தண்ணீர். நான் எல்லாவற்றையும் ஜன்னல் வழியாக அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே போனேன். பயம் இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. உடம்பு எடையே இல்லாமல் இருந்தது.

மேஜர் ஹாஸிம் பாஷா ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

"பையன் எங்க?"

"வரல பாஷா."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல. இனிமே வர மாட்டான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. "நீ வராம இருந்திருக்கலாமே. அவன் கூடவே போயிருக்கலாம். இல்ல, உங்க நவ்வாரைக் கேளுங்கன்னு ஒரு பேப்பர் அனுப்பியிருக்கலாம், நானும் அதை ஏழு மேசைக்கு அனுப்பி வச்சிருப்பேன். இப்ப நான் என்ன எழுதறது? யாரக் கேக்கிறது இதுக்கு?"

"என்னை" என்றேன். "எங்க எடத்துக்குப் பொறுப்பு நான்தான், பாஷா."